அட்வென்ச்சர் பைக்குக்கு டயர் மாற்றுவது: மலைநாட்டு ரோட்டில் பைக் காட்டும் அறிகுறிகளும் அவற்றுக்கான வழிகளும்

டயர் மாற்ற வேண்டிய நேரம் வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராண்ட் நல்லது?" என்றுதான். பழைய டயர் எப்படித் தேய்ந்திருக்கிறது, பைக் எந்த இடத்தில் பயம் காட்டியது என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வந்தால் பாதிப் பதில் ஏற்கெனவே கையில் இருக்கும். மலையில் ஏறும்போது எந்த டயரும் ஒருமாதிரி சமாளித்துவிடும். மழை பெய்து, இறக்கமாகி, முடக்கில் எதிரே பஸ்ஸும் வரும்போதுதான் டயரின் உண்மைக் குணம் தெரியும். அதனால் இங்கே சொல்வது எல்லாமே இறக்கத்தை மனதில் வைத்துச் சொல்வது. குறிப்பாக முன் டயரை வைத்து.

நம்ம பக்கம் அதிகம் ஓடுவது செரோ, டிஜெபல், எக்ஸ்ஆர், பாஜா மாதிரி 200, 250 சிசி பைக்குகள். முன்னால் 21 அங்குல ரிம், பின்னால் 18. இன்னும் பெரிய அட்வென்ச்சர் பைக் என்றால் முன்னால் 19, பின்னால் 17 என்ற அளவும் உண்டு. கீழே உள்ளது இரண்டு வகைக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் காற்று

டயரைக் குறை சொல்லும் முன் காற்றைப் பாருங்கள். பைக் ஓடாமல் நின்று ஆறிய பிறகு, காலையில், சொந்த கேஜ் (காற்றின் அழுத்தம் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோல் ஷெட்டில் ஓடிச் சூடான டயரில் பார்க்கும் கணக்கு சரியாக வராது. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது செயின் கவரிலோ சுவிங் ஆர்மிலோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். தனியாக ஓட ஒரு அளவும், பின்னால் ஆள் ஏற்றி ஓட ஒரு அளவும் எழுதியிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்தால் பைக் கல்லுக் கல்லாகத் துள்ளும்.

கொழும்பில் காற்று அடித்துக்கொண்டு நுவரெலியா ஏறுகிறவர்கள், "மேலே போனால் காற்றைக் குறைக்க வேண்டுமா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,800 மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. (கேஜில் காட்டும் அழுத்த அலகு) குறைவு. அதனால் கேஜில் அவ்வளவு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் கொழும்பின் 32 பாகை வெயிலில் அடித்த காற்று, நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் சுருங்குகிறது. அதில் ஏறத்தாழ 2.5 பி.எஸ்.ஐ. போய்விடும். ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுவதால் மேலே போன பிறகு கேஜ் கிட்டத்தட்ட பழைய எண்ணையே காட்டும். அதே மாதிரிதான் கீழே இறங்கும்போதும். ஆக, உயரத்துக்காகக் காற்றைக் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. ஆனால் ஒரே ஊரில் பகலுக்கும் விடியற்காலைக்கும் உள்ள வித்தியாசம் கணக்கில் வரும். 10 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 1.5 பி.எஸ்.ஐ. குறையும். தை மாதத்தில் கந்தப்பளை, அம்பேவளைப் பக்கம் விடியற்காலையில் வண்டியை எடுக்கிறவர்கள் அந்தக் குளிரிலேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காற்று சரி, ஆனாலும் பிரச்சினை போகவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

முடக்கில் சாய மறுக்கிறது, அப்புறம் சட்டென்று உள்ளே விழுகிறது

பின் டயரை ஒரு ஆள் தூரத்தில் உட்கார்ந்து பின்னாலிருந்து பாருங்கள். நடுப்பகுதி தட்டையாகி, இரண்டு பக்கமும் ஓரம் எழும்பி நின்றால் காரணம் அதுதான். வளைந்த முதுகாக இருக்க வேண்டிய டயர் சதுரமாகிவிட்டது. நேரான ரோட்டில் ஒன்றும் தெரியாது. முடக்கில் அந்த ஓரத்தை ஏறித் தாண்டும் கணத்தில் பைக் உதறும்.

மலையில் மட்டும் ஓடுகிற பைக்கில் இது அதிகம் வராது. வாரம் ஒருமுறை கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ நேர் ரோட்டில் போய் வருகிறவர்களுக்கும், காற்றை அதிகமாக வைத்து ஓடுகிறவர்களுக்கும்தான் வரும். அவர்களுக்கு நடுவில் கெட்டியான இறப்பரும் ஓரத்தில் மென்மையான இறப்பரும் வைத்த இரட்டைக் கலவை டயர் நன்றாகப் பொருந்தும். பெரிய பைக்குகளுக்கு மெட்செலர் டூரன்ஸ், மிஷெலின் அனாக்கீ, பிரெல்லி ஸ்கோர்ப்பியன் டிரெயில் என்று இதே வேலைக்கான வரிசைகள் இருக்கின்றன. சின்னப் பைக் அளவுகளில் இந்த வசதி குறைவு. அங்கே காற்றைச் சரியாக வைப்பதும், பூ, அதாவது டயரின் மேல் இருக்கும் பல்லும் வெட்டும், இன்னும் இருக்கிறதே என்று சதுரமான டயரை இழுத்தடிக்காமல் இருப்பதும்தான் வழி.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஹேண்டில் ஆடுகிறது, முன்னால் ஊ என்ற இரைச்சல்

முன் டயரின் பூவைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் தடவினால் கூர்மையாகவும் இருந்தால் ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 200 மீட்டருக்கு வருகிறோம். அந்த இறக்கம் முழுவதும் முன் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் பல்லின் ஒரு பக்கம் அரைபட்டுக்கொண்டே வரும். பூ எவ்வளவு உயரமோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்தினால் டயரும் பிழைக்கும், பிரேக்கும் சூடாகாது.

இந்த இடத்தில் டயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். பைக்கின் அடியில் உறுதியாக முட்டுக் கொடுத்து முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் விழுந்து நிற்பது போலத் தெரிந்தால் ஹேண்டில் பேரிங் போய்விட்டது. சில்லின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருந்தாலும் அதே பேரிங்கைச் சந்தேகப்படலாம். முன் போர்க்கில் ஒயில் கசிந்து வலு குறைந்திருந்தாலும் டயர் இப்படித்தான் தேயும். இவற்றைச் சரி செய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் சில மாதங்களில் இதே வடிவத்துக்கு வந்துவிடும்.

மாற்றும்போது முன்னால் மட்டும் பூ நெருக்கமான டயராகப் போடுங்கள். நடுவில் தொடர்ச்சியாக ஓடும் பட்டை உள்ள வகை இந்தத் தேய்மானத்தை நன்றாகத் தாங்கும்.

மழையில் காபட் ரோட்டில் வழுக்குகிறது, பூ இன்னும் நிறைய இருக்கிறது

இப்படிப்பட்ட டயருக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். பார்வைக்கு நல்ல டயர், ஆனால் இறப்பர் செத்துவிட்டது. பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துக்களுக்குப் பிறகு கடைசியாக வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும்.

ஐந்து ஆண்டு தாண்டிய டயரை நான் மலை மழைக்கு நம்ப மாட்டேன். பத்து ஆண்டு ஆனால் பூ எப்படி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். நகத்தை இறப்பரில் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கண்ணாடி மாதிரி இருந்தால் வயசு என்னவாக இருந்தாலும் அது மழைக்கு உதவாது. 21 அங்குல டயர் வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அதிகம் விற்காத அளவு என்பதால் கடையிலேயே சில ஆண்டுகள் தொங்கிக்கொண்டு இருந்திருக்கும். காசு கொடுக்கும் முன் அந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிடுங்கள்.

டயர் புதிது, ஆனாலும் வழுக்குகிறது என்றால் பூவின் வகை தப்பு. பட்டன் டயர் என்று நாம் சொல்லும் பெரிய பல் வைத்த டயரில் ரோட்டைத் தொடும் இறப்பர் குறைவு. ஈரமான காபட்டில், அதுவும் பஸ் டீசல் சிந்திய முடக்கில், சாயும்போது அந்தப் பல் வளைந்து கொடுக்கும். மழைக்கு வேண்டியது நிறைய இறப்பர் ரோட்டைத் தொடுவதும், அதில் தண்ணீர் ஓட மெல்லிய வெட்டுக்கள் இருப்பதும்.

மழையைப் பற்றி இன்னும் ஒன்று. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கினிகத்தேனை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஓடுகிறவர்களுக்கு வைகாசி முதல் ஆவணி வரை ரோடு காய்வதே அபூர்வம். பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கம் ஐப்பசியில் தொடங்கி தை வரை. நீங்கள் இருக்கும் பக்கத்தில் மழை வருவதற்கு ஒரு மாதம் முன்னால் டயரை மாற்றுங்கள். தேய்மானக் குறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள் டயர்களில் அந்தக் குறி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். மழைக்கு 2 மில்லிமீட்டர் ஆவது மீதி இருக்க வேண்டும்.

தோட்டத்து ரோட்டில் பைக் நிற்க மாட்டேன் என்கிறது

டயர் கடைக்குப் போனால் "மலைக்குத்தானே தம்பி, பெரிய பல்லு வச்சதா போடுங்க, கவலையே வேணாம்" என்று அண்ணன்மார் அன்பாகச் சொல்வார்கள். தோட்டத்து ரோடு என்றால் என்ன என்று யோசித்தால் அந்த ஆலோசனை பாதிதான் சரி.

கொழுந்து லொறி ஓடி ஓடி இரண்டு பக்கமும் சால் விழுந்து, நடுவில் கல் துருத்தி நிற்கும் ரோடு ஒரு வகை. லயத்துக்கு ஏறும் கொங்கிரீட் ரோடு இன்னொரு வகை. அது எப்போதும் நிழலில் கிடந்து பச்சையாகப் பாசி படிந்திருக்கும். யூக்கலிப்டஸ் இலை விழுந்து நனைந்த காபட் துண்டு மூன்றாவது. உண்மையான சேறு, சக்கரம் புதையும் சிவப்பு மண், நான்காவது. இந்த நான்கில் பட்டன் டயர் தெளிவாக ஜெயிப்பது கடைசியில் மட்டும்தான். பாசி படிந்த கொங்கிரீட்டில் அது மோசம். பல் குத்தி இறங்க மண்ணே இல்லை, தொடும் இறப்பரும் குறைவு. பெரிய கல்லில் எந்தப் பூ என்பதை விடக் காற்று எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

அதனால் நீங்கள் எங்கே அதிகம் போகிறீர்கள் என்று பாருங்கள். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை வழியாக லிப்டன் சீட், பட்டிப்பொலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி மாதிரி ரோடுகள் என்றால் எண்பது பங்கு ரோடு, இருபது பங்கு மண் என்ற வகை டயரே போதும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கோர்பெட்ஸ் கேப் தாண்டி மீமுரே இறங்குகிறவர்களுக்கும், தோட்டத்துக்குள்ளேயே தினமும் கிரவலில் ஓடுகிறவர்களுக்கும் பாதிக்குப் பாதி வகை. மிஷெலின் அனாக்கீ வைல்ட், ஹைடனாவ் கே60 ஸ்கவுட் எல்லாம் இந்த நடுவழியில் வருபவை. கொன்டினென்டல் டிகேசி 80 மாதிரி முழுப் பட்டன் வகையை, உழுத மண்ணிலும் சேற்றிலும்தான் வேலை என்று இருப்பவர்கள் மட்டும் எடுக்கட்டும்.

முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை போடலாமா? போடலாம், ஆனால் எதை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பின்னால் பெரிய பல், முன்னால் தேய்ந்த ரோட்டு டயர் என்று ஓடுவதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஏற்றத்தில் அது நன்றாக இழுக்கும். இறக்கத்தில் ஈரமண்ணில் முன் சில்லு வழுக்கினால் அதை மீட்க வழியே கிடையாது. பின் சில்லு வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நல்ல பிடிப்புள்ள டயர் முன்னால் இருக்கட்டும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்கும்போது முன் டயரை மாற்றுங்கள். ரேடியல் டயரையும் குறுக்கு நார் டயரையும் (உள்ளே நார் ஓடும் விதம் வேறான இரண்டு வகை) முன்பின் கலந்து போடுவதை மட்டும், பைக் கம்பனியே அப்படிக் கொடுத்திருந்தால் தவிர, தவிர்த்துவிடுங்கள்.

அடிக்கடி பஞ்சர்

டியூபைக் கழற்றி ஓட்டை எங்கே என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் ஒட்டு மட்டும் போடும் கடைக்குத் திரும்பத் திரும்பக் காசு கொடுக்க வேண்டி வரும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெட்டுக்கள் என்றால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையில் நசுங்கியிருக்கிறது. காற்று குறைவு, அல்லது டயரின் பக்கவாட்டு மெல்லியது. உள்பக்கம், ரிம்மைப் பார்த்த இடத்தில் ஓட்டை என்றால் ஸ்போக் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம்மைச் சுற்றியிருக்கும் இறப்பர் பட்டியை மாற்ற வேண்டும், நீண்டு நிற்கும் கம்பி முனையை அரத்தால் தேய்க்க வேண்டும். வால்வின் அடி கிழிந்திருந்தால், குறைந்த காற்றில் பிரேக் பிடிக்கும்போது டயர் ரிம்மின் மேல் நழுவி டியூபையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வால்வு சாய்ந்து நிற்பதைப் பார்த்தாலே இது வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வெளிப்பக்கம், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் ஆணி, முள் என்றால் டயரின் நடுப்பகுதி மெலிந்துவிட்டது. அப்போதுதான் டயர் மாற்றும் பேச்சே.

டயர் மாற்றும்போது டியூபையும் புதிதாகப் போடுங்கள். பழைய டியூப் நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே வெடிக்கும். மீமுரே மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு டியூப் கொண்டுபோகலாம் என்றால் 21 அங்குல முன் டியூபைக் கொண்டுபோங்கள். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின் டயருக்குள்ளும் திணித்து ஊருக்கு வந்து சேரலாம். குத்தி அடைக்கும் கிட் டியூப்லெஸ் டயருக்கு மட்டும்தான்.

பின்னால் ஆள் ஏறினால், பை கட்டினால் பைக் நெளிகிறது

காற்றை ஸ்டிக்கரில் உள்ள இரண்டாம் அளவுக்கு ஏற்றிய பிறகும் நெளிந்தால் டயரின் சுமை எண்ணைப் படியுங்கள். அளவுக்குப் பிறகு வரும் இரண்டு இலக்கம்தான் அது. 54 என்றால் 212 கிலோ, 60 என்றால் 250, 65 என்றால் 290. பக்கத்தில் இருக்கும் எழுத்து மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பது: எம் (M) 130, பி (P) 150, எஸ் (S) 180, எச் (H) 210. பைக்கோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே எதையும் போட வேண்டாம். நம் ரோட்டில் வேக எழுத்து பெரிய விஷயமில்லை, சுமை எண் நிச்சயம் விஷயம். அவிசாவளையிலிருந்து இரண்டு பேரும் பையுமாக நுவரெலியா வரை ஏறும் பைக்கின் பின் டயர் உள்ளே எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெடிப்பு, வீக்கம், நார் தெரிவது

இவற்றில் யோசிக்க ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் வீங்கியிருந்தால் உள்ளே நார் அறுந்துவிட்டது, அந்த டயரில் கடை வரைக்கும்கூட மெதுவாகத்தான் போக வேண்டும். தேய்ந்த டயருக்குச் சூட்டுக் கத்தியால் பூ வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெட்டுவது நார் வரைக்கும் போகிறது.

பெரிய டயர் போட்டபின் உரசுகிறது

ஒரு அளவு அகலமாகப் போட்டால் அழகாக இருக்கும் என்பதற்காகப் பலர் போடுகிறார்கள். ஒல்லி ரிம்மில் அகல டயர் ஏற்றினால் அது கிள்ளப்பட்டு முதுகு அதிகம் வளையும். ஓரம் ரோட்டைத் தொடாது. செயினிலும் மட்கார்டிலும் உரசும், சேறு அடைத்தால் சில்லே சுற்றாது. கம்பனி அளவிலேயே நில்லுங்கள்.

புது டயர் போட்டபிறகு ஆட்டம், வழுக்கல்

பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சவர்க்காரத் தண்ணீர் தடவி, டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அம்புக்குறி சில்லு சுற்றும் திசையில் இருக்கிறதா, மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைக் கடையை விட்டுக் கிளம்பும் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்கு மெதுவாகச் சாய்த்து, ஒவ்வொரு பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஓட்டுங்கள். பெரட்டுக் களம் (தோட்டத்தில் தொழிலாளர் காலையில் கூடும் இடம்) மாதிரி சமமான இடம் கிடைத்தால் அங்கே எட்டுப் போட்டுப் பழக்கலாம். நுவரெலியாவில் டயர் மாற்றிக்கொண்டு உடனே மழையில் இறம்பொடை இறங்குவது மட்டும் வேண்டாம். ஒரு நாள் ஊருக்குள் ஓட்டி, காற்றையும் ஸ்போக்கையும் மறுபடி பார்த்துவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

கழற்றிய டயரைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. வீட்டுக்குக் கொண்டுபோனால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு நுளம்பு முட்டையிடும், கண்டி, கம்பளைப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டத்தான் வேண்டும் என்றால் அடியில் தண்ணீர் ஓட நான்கைந்து ஓட்டை போட்டுவிடுங்கள்.